மெழுகுதிரிக்கு நாலு போதும்

ஆனைக்குளத்துக்கு ரோடு பிரியும் விலக்கில் போலீஸ்காரர்கள் வைத்திருக்கும் ஸ்பீடு கன் என்ன எண் காட்டுகிறதோ, அதுதான் அவரவர் வேகம். மறுபடி அளக்கும்வரை அந்த வேகத்தில்தான் போய்வர வேண்டும்.

புதன்கிழமை சாயங்காலம் புஷ்பரத்தினம் ரோட்டோரமாக நடந்து வந்தபோது பின்னால் ஒரு வாழைக்காய் லாரி வந்தது. அந்தக் கன்னின் பார்வை கொஞ்சம் அகலம். பார்வைக்குள் எத்தனை பேர் இருந்தாலும் எல்லாருக்கும் எண் ஒன்றுதான். ஓடுவதில் எது பெரிய உடம்போ அதன் எண். எண்பத்திரண்டு என்று காட்டியது. ஏட்டு மாசிலாமணி லாரிக்கு ஒரு சீட்டும் அவளுக்கு ஒரு சீட்டும் கிழித்துக் கொடுத்தார். சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு, எண்பத்திரண்டில் வீடு போய்ச் சேர்ந்தாள். அடுப்படி வேலையெல்லாம் சுருக்காக முடிந்தது. அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

குறை மெழுகுதிரியில்தான். மகள் ஜெபராணிக்கு வெள்ளிக்கிழமை கண் ஆபரேஷன். வீட்டிலேயே மெழுகுதிரி ஏற்றி, அணையாமல் கையில் ஏந்திப் போய், ரோட்டுக்கு அந்தப் பக்கம் குகை மாதிரிக் கட்டியிருக்கும் மாதா கெபியில் ஒன்பது நாள் வைப்பதாக நேர்ந்திருந்தாள். எட்டு நாள் முடிந்துவிட்டது. வழியில் அணைந்தால் மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். எண்பத்திரண்டில் போனால் சுடர் வாசற்படி தாண்டுமா?

வியாழன் காலையில் விலக்குக்குப் போனாள். ஏட்டு கன்னைச் சோதித்துக்கொண்டிருந்தார். இரண்டு கால் வைத்த இசைக்கவையைத் தட்டி அதன் முன்னால் பிடித்தால், அந்த அதிர்வுக்கு ஐம்பது காட்ட வேண்டும். காட்டியது. இசைக்கவை அவர் கையை விட்டு ஐம்பதில் வடக்கே கிளம்பிப் போனது. சாயங்காலம் யாராவது பஸ்ஸில் கொடுத்தனுப்புவார்கள்.

“லாரி எண்ணை எனக்குப் போட்டுட்டீங்களே ஏட்டையா,” என்றாள் புஷ்பரத்தினம், அவரைத் தாண்டிப் போகும்போது. “திரி அணைஞ்சிரும்லா,” என்றாள், திரும்பி வரும்போது.

“போட்டதை அழிக்க முடியாதும்மா. மறுபடி வேணா அளக்கலாம்.”

“அளந்தாலும் எண்பத்திரண்டுதானே வரும்?”

“நேரா வந்தாத்தான் முழுசாக் காட்டும். சாஞ்சு வந்தா குறைச்சுத்தான் காட்டும். அதோட குணம் அப்படி.”

“அப்போ ஒரேயடியா குறுக்கே போயிரட்டா?”

“ஐயையோ, பூஜ்யம் வந்துரும். இன்ஸ்பெக்டரையா அப்படித்தான் டீ குடிக்கக் குறுக்கே போனாரு. நாலு வருசமா புளியமரத்தடியிலயே நிக்காரு. டீ நாங்கதான் கொண்டு குடுக்கோம்.”

புஷ்பரத்தினம் புளியமரத்துப் பக்கம் ஒரு கும்பிடு போட்டாள். பிறகு நெற்றியில் சிலுவை போட்டு, ரோட்டில் வண்டி இல்லாத நேரம் பார்த்துச் சாய்வாக ஓடினாள். முப்பது வந்தது. அந்த முப்பதோடு இன்னும் கொஞ்சம் சாய்ந்து ஓடினாள். பன்னிரண்டு. மூன்றாவது தரம் கெபியை ஒட்டி வந்தாள்.

“நாலு!” என்று ஏட்டு கையைக் காட்டினார். “போதுமாம்மா?”

“மெழுகுதிரிக்கு நாலு போதும்யா. நீங்க நல்லாருக்கணும்.”

கன்னின் பார்வை அகலம் என்பதால் ஏட்டு இரண்டு சீட்டு கிழித்தார். ஒன்றை அவளிடம் கொடுத்தார். மற்றதைக் கெபி உண்டியலில் போட்டார்.

சாயங்காலம் திரியை ஏற்றி, கையால் மறைத்துக்கொண்டு, அருள் நிறைந்த மரியே சொல்லியபடி நடந்தாள். சுடர் நிமிர்ந்தே நின்றது. பாதி வழியில், பலசரக்குக் கடை முன்னால் நிமிர்ந்து பார்த்தாள். கெபி எதிரே நாலில் வந்துகொண்டிருந்தது. ரோட்டில் ஏட்டு வண்டிகளை நிறுத்தி அதற்கு வழிவிட்டிருந்தார்.

“பாதி தூரம் மிச்சம் பண்ணிக் குடுத்துட்டியே தாயே,” என்று சொல்லி, ஒன்பதாவது திரியை மாதா காலடியில் வைத்தாள். மகள் பேரைச் சொல்லிக் கூடவே நாலடி நடந்தாள். பிறகு கெபி பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பியது. ஜெபராணியின் ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ் அங்கேதான் நிற்கும்.