கடலுக்குள் போன வாடகைக் குரல்

ஸ்பீக்கரைக் கடலில் தள்ளியது நான்தான். வேண்டுமென்றே செய்திருந்தால் இன்று என்னைப் பற்றியும் யாராவது ஒரு பாட்டுக் கட்டியிருப்பார்கள். நான் செய்தது வெறும் பழக்கதோஷம். படகு கட்டும் மரத்துறையில் ஒரு கயிறு கிடந்தது. மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவனின் கண்ணில் துறையில் கயிறு பட்டால் கை சும்மா இருக்காது. தோணியை அதில் கட்டினேன். அதன் மறுமுனை, காற்றுக்கு விழாமலிருக்க ஸ்பீக்கரின் இடுப்பில் கட்டியிருந்தது. பக்கத்தில் போன படகின் அலையில் எங்கள் தோணி விலக, ஸ்பீக்கரும் விசுவாசமாக எங்கள் பின்னால் தண்ணீருக்குள் இறங்கியது.

"ஹெக்டர் அண்ணன், அது வாடகைக்கு எடுத்தது!" என்று படப்பிடிப்பு நிர்வாகி நிப்றாஸ் கரையிலிருந்து கத்தினார்.

தோணியில் இருந்தது நானும் என் மனைவியின் தங்கை இன்பமலரும். அவள் கதாநாயகி. நான் துடுப்புப் போடுபவன், முகம் தெரியாது. மற்ற நாட்களில் அவள் பாடுவாள், நான் கிற்றார் வாசிப்பேன். வாசிப்பு எப்படி என்று யாரைக் கேட்டாலும் "பரவாயில்லை" என்பார்கள்.

மலரைத் துறைமுகப் பக்கத்தில் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்களில் பாதிப்பேர் காதைப் பொத்துபவர்கள். கரகரத்த குரல். பாட்டின் நடுவே இருமல் வந்தால் இருமிவிட்டுத் தொடர்வாள். கோயில் பாடகர் குழுவிலிருந்து அவளை மெதுவாக விலக்கினார்கள். அவள் சத்தமாக விலகினாள். ஒரு கலியாண வீட்டில் காதல் பாட்டுக் கேட்டதற்கு, மீனவருக்கு ஐஸ் விலை ஏறியதைப் பற்றித் தான் எழுதிய பாட்டைப் பாடினாள். மாப்பிள்ளை ஐஸ் வியாபாரி. எங்களுக்குச் சாப்பாடு கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் காணொளியை ஊரே பார்த்தது, சினிமாக்காரரும் பார்த்தார்கள்.

முதல் படத்தில் அவள் ஆஸ்பத்திரித் தாதி. திரையில் மலர் வாயைத் திறந்தாள், சென்னையிலிருந்து யாரோ பேசினார்கள். எங்கள் ஊர்ப்பக்கத்து இறக்கக்கண்டித் தாதி, சென்னைத் தமிழில் "வாங்க, உக்காருங்க" என்றாள். பக்கத்தில் இருந்த மாமி என் கையைச் சுரண்டி, "தம்பி, இது ஆர் கதைக்கிறது?" என்று கேட்டார். மலர் பாதிப் படத்தில் எழுந்து வெளியே வந்தாள். "அத்தான், இனி என்ர முகம் போற இடத்துக்கெல்லாம் என்ர தொண்டையும் போகும்" என்றாள்.

இந்தப் படத்தின் இயக்குநர் கீர்த்தனி, கொழும்புப் பெண். மலரின் பாட்டையே, என் கிற்றார் வாசிப்போடு சேர்த்து, கேட்டு வாங்கினாள். குரலும் மலருடையதுதான் என்று வாக்குக் கொடுத்தாள். அன்று பிற்பகல் ஸ்பீக்கரைப் போட்டபோது மெட்டு மலருடையது, வரிகள் மலருடையவை, குரல் மட்டும் பாலில் தேன் விட்டதுபோல் யாரோ ஒருத்தியுடையது. கனடாவிலிருக்கும் தயாரிப்பாளரின் முடிவாம். மலர் நேரே போய்த் தோணியில் ஏறினாள். கோபத்தை விழுங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அதற்குள் நான் அந்தத் தேன்குரலைக் கடலுக்குக் கொடுத்துவிட்டேன்.

"வாயை மட்டும் அசையுங்கோ, மலர்! பாட்டைப் பிறகு போடுவம்!" என்று கீர்த்தனி கையிலிருந்த சின்ன ஒலிபெருக்கியில் சொன்னாள்.

"சும்மா வாயை அசைக்க நான் என்ன மீனா?" என்றாள் மலர். பாடத் தொடங்கினாள்.

தோணியின் அடியில் ஒரு மைக்கை ஒளித்து வைத்திருந்தார்கள். கரகரப்பு, இருமல், என் துடுப்பின் சளப்புச் சத்தம் எல்லாம் அதற்குள் போயின. பாட்டு முடிந்தபோது கரையில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் ஊரில் மாடுபோல் தெருவில் திரியும் மான்களில் ஒன்று சோற்றுப் பார்சல் தாளை மென்றுகொண்டிருந்தது, அதுகூட நிமிர்ந்து பார்த்தது. தாள் தீர்ந்ததாலும் இருக்கலாம்.

"அருமை! குரலை மட்டும் பிறகு மாத்துவம்!" என்று கீர்த்தனி கத்தினாள்.

மலர் நங்கூரக் கல்லைத் தூக்கித் தண்ணீரில் போட்டாள். "அத்தான், துடுப்பை உள்ளுக்கு எடுங்கோ. கடைசிக் காட்சி கரையிலதானே? என்ர குரல் இருக்கும் எண்டு சொன்னாத்தான் கரை."

"இனி உன்னை ஒருத்தரும் படத்துக்குக் கூப்பிடமாட்டினம், பிள்ளை," என்றேன்.

"கூப்பிட்டு என்ன செய்யிறவை? வாயைத்தானே கேக்கினம்."

கிண்ணியாப் பக்கம் போன படகொன்று இயந்திரத்தை நிறுத்தியது, நாங்கள் காக்கா என்று அழைக்கும் முஸ்லிம் அண்ணன் ஒருவர் அதிலிருந்து கத்தினார். "மலர் பிள்ளை, அந்த ஐஸ் பாட்டையும் எடுத்து விடுங்கோ!"

"அதுக்கும் கொழும்பில ஆள் வைச்சிருப்பினம், காக்கா!"

வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. நான் கரையில் நின்ற கீர்த்தனியைப் பார்த்துக் கத்தினேன்: "தங்கச்சி, குரல் இருக்குமோ?"

"முதல்ல கரைக்கு வாங்கோ, அண்ணை!"

"இருக்குமோ?"

"பார்ப்பம்!"

"இருக்குமோ?"

"சந்தை எண்டு ஒண்டு இருக்கெல்லோ!" என்றார் நிப்றாஸ். கரையில் இருந்த மனிதர்களைவிட அந்த மான் தெளிவாக இருந்தது.

கீர்த்தனி தொலைபேசியை எடுத்துக்கொண்டு தூரமாகப் போனாள். கை வீசி வீசிக் கதைத்தாள். திரும்பி வந்து தொலைபேசியை நிப்றாஸிடம் கொடுத்தாள். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் தண்ணீருக்குள் இறங்கினாள். இடுப்பளவு நீரில் வந்து தோணியின் விளிம்பைப் பிடித்தாள்.

"தங்கச்சி," என்றேன், "என்ர கிற்றாரைப் பற்றி ஆரைக் கேட்டாலும் 'பரவாயில்லை' எண்டுதான் சொல்லுவினம். அதால மழுப்பல் எண்டா என்னெண்டு எனக்கு நல்லாத் தெரியும். பார்ப்பம், கதைப்பம் ஒண்டும் வேண்டாம். மலரின்ர குரல் இருக்குமோ, இல்லையோ?"

மலர் எங்கோ கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நங்கூரக் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"இருக்கும்," என்றாள் கீர்த்தனி. "இருமலும் இருக்கும். மாத்தினா என்ர பேரையும் எடுத்துப்போட்டு நீங்களே படத்தை முடியுங்கோ எண்டு தயாரிப்பாளரிட்டச் சொல்லிப்போட்டுத்தான் தண்ணிக்குள்ள இறங்கினனான்." ஒரு கணம் என்னைப் பார்த்தாள். "ஆனா உங்கட கிற்றார் இருக்காது. அது நல்லா இல்லை, அண்ணை."