தூங்க வைக்கிற கை

குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் பேச்சிராஜுக்கு வயிற்றெரிச்சலும் தொடங்கிவிடும். அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்த்துவிடும் தொழில் அவனுக்கு. ஆளைப் படுக்க வைத்துத் தேய்க்க ஒரு பலகை போட்டிருப்பான். பக்கத்துப் பலகை மாடக்கண்ணுவுடையது. புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருக்கும் சுந்தரபாண்டி ஒவ்வொரு சீசனுக்கும் அந்த மாடக்கண்ணுவிடம்தான் வருவார். கனத்த உடம்பு. மல்லாக்கப் படுக்க வைத்து நெஞ்சில் கை வைத்ததுமே குறட்டை கிளம்பிவிடும். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டு மாடக்கண்ணு முன்னால் வரிசை கட்டுவார்கள்.

"கை பட்டதும் உறங்குதாரு பாத்தியாலே" என்று மாடக்கண்ணு வேறு பீற்றிக்கொள்வான். பேச்சிராஜ் ஈ ஓட்டிக்கொண்டிருப்பான். அவனும் அதே எண்ணெயைத்தான் தேய்க்கிறான். அவனிடம் படுத்த எந்தப் பாவியாவது கண்ணை மூடுகிறானா? படுத்துக்கொண்டே ஃபோனை நோண்டுகிறான்கள்.

போன சீசனில், மாடக்கண்ணு மேலகரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போன நாளில் சுந்தரபாண்டி வந்தார். பேச்சிராஜ் விடுவானா? கையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தன் பலகையில் படுக்க வைத்தான். இரண்டு தேய்ப்புத்தான், ஆள் தூங்கிவிட்டார். பேச்சிராஜுக்குத் தலைகால் புரியவில்லை. மாடக்கண்ணுவின் மூஞ்சியில் காட்ட வேண்டும் என்றே எண்ணெய்க் கையோடு ஃபோனை எடுத்து வீடியோ பிடித்தான்.

பிடித்துக்கொண்டிருக்கும்போதே குறட்டை நின்றது. நெஞ்சு எழும்பத் துடித்தது, காற்று மட்டும் உள்ளே போகவில்லை. அவன் பதறித் தோளை உலுக்கப் போன நேரத்தில், அவரே திணறி ஒரு மூச்சை இழுத்து மறுபடி குறட்டைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அதே கூத்து.

பேச்சிராஜுக்கு விளங்கிவிட்டது. இது யார் கைவேலையும் இல்லை, நோய். சொன்னால், தன் பலகை முன்னால் அப்போதுதான் சேரத் தொடங்கிய கூட்டம் கலைந்துவிடும். சொல்லாமல் விடலாமா என்று ஒரு கணம் நினைக்கத்தான் செய்தான். மனசு கேட்கவில்லை. எழுப்பி வீடியோவைக் காட்டினான்.

"நல்லா உறங்குதேன்னுல்லா நெனச்சேன்" என்றார் சுந்தரபாண்டி. "வண்டி ஓட்டும்போதே கண்ணு சொக்குது, வயசாயிட்டுன்னு விட்டுட்டேன். பிபிக்கு மாத்திர எழுதுத டாக்டரும் உறக்கத்தப் பத்திக் கேட்டதில்ல."

"இந்த வீடியோவ அவருட்டக் காட்டுங்க அண்ணாச்சி."

காட்டினார். டாக்டர் அவரைத் தென்காசிக்கு அனுப்பினார். அங்கே உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்க வைத்துப் பார்த்ததில், தொண்டை அடைத்து மூச்சு நிற்பது தெரிந்தது. மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்க ஒரு மிஷின் கொடுத்தார்கள்.

இந்த சீசனுக்கு வந்தபோது சுந்தரபாண்டிக்கு முகமே தெளிந்திருந்தது. "நீ பாக்கலன்னா என் கத முடிஞ்சிருக்கும்லே" என்று கண்கலங்கி, பேச்சிராஜின் பலகையிலேயே படுத்தார். தேய்த்து முடிக்கும்வரை பேசிக்கொண்டே இருந்தார். மாடக்கண்ணு பார்க்கிறானா என்று பேச்சிராஜ் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டான்.

மறுநாள் அவர் மாடக்கண்ணுவிடம் போனார். போகட்டும், பழைய பழக்கம். அதற்கடுத்த நாளும் அங்கேதான் போனார். பேச்சிராஜால் பொறுக்க முடியவில்லை.

"என்ன அண்ணாச்சி, நம்மள மறந்துட்டியளா?"

சுந்தரபாண்டி படுத்தபடியே சங்கடமாகச் சிரித்தார்.

"தப்பா நெனைக்காதலே. முன்னால எவன் கை எப்படின்னு எனக்குத் தெரியாது. இப்போ முழிச்சுல்லா கெடக்கேன்."