பஸ் நிற்காத இடம்

…காலையிலேயே போயிருக்கலாம், காலையில் முழங்கால் தண்ணிதான், டிராக்டர் தாராளமாகப் போயிருக்கும், இப்போது ஏரி கலங்கல் வழிந்து ரோடு எது வாய்க்கால் எது என்றே தெரியவில்லை, ரஞ்சனி டிரெய்லர் விளிம்பில் உட்கார்ந்து மடியில் பால்மாவு டப்பாவை வைத்துக்கொண்டு எதிரே பார்த்தாள், பார்க்க என்ன இருக்கிறது, தண்ணி, அதில் மிதக்கிற தெர்மகோல், யார் வீட்டுதோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அந்தப் பக்கம் எங்கேயோ லூர்தம்மாக்கா. கம்பெனி கேண்டீனில் தட்டு கழுவுகிறவள். மகளுக்குப் பிரசவமாகி இன்னும் தலைக்குத் தண்ணி ஊற்றவில்லை, பாலும் சுரக்கவில்லை, டப்பா பால்தான் பிள்ளைக்கு, அதுவும் நேற்றோடு தீர்ந்தது. “ரஞ்சனிம்மா, தண்ணி கட்டில் மேல ஏறிடிச்சி, புள்ள இப்ப அழக்கூட மாட்டேங்குது” என்றாள் போனில், அதோடு சுவிட்ச் ஆஃப். அழக்கூட மாட்டேங்குது என்றால்? தூங்குகிறதோ என்னவோ, பிள்ளைகள் தூங்கும்தானே… தூங்கும்…

யாரும் சொல்லி ஆரம்பிக்கவில்லை, புயல் ஓய்ந்த அன்றைக்கே ரஞ்சனி கம்பெனி ஷிஃப்டின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வாய்ஸ் போட்டாள், சூப்பர்வைசராக லைனில் ஆள்களை மேய்க்கிற அதே குரல், பையன்களும் பெண்களும் ஓடி வந்தார்கள், பென்சன் என்கிற பையன் தன் மாமாவின் டிராக்டரை எடுத்து வந்தான், சர்ச் கொட்டகையில் சோறு பொங்கியது. எங்கெங்கே கொடுப்பது? யோசிக்கவே இல்லையே, கம்பெனி பஸ் நிற்கிற இடமெல்லாம் வண்டி நிற்கும் என்று சொல்லிவிட்டாள், ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்காகப் போனார்கள், தள்ளுமுள்ளு இல்லை, கூச்சல் இல்லை, வரிசை, என்ன சுத்தமான வேலை. வார்டு மெம்பர்கூட “இன்னாம்மா, கலெக்டர் மாதிரி கீற” என்று சிரித்தார், இனித்தது, எதற்குப் பொய் சொல்ல வேண்டும், நன்றாகவே இனித்தது. கான்ட்ராக்ட் ஆளுக்குப் பஸ் கிடையாது என்பது தெரியாதா அவளுக்கு? லூர்தம்மாக்கா நடந்து வருகிறவள், நடந்தே போகிறவள். காலையில் முதல்முறை அவள் போன் பண்ணினபோது வாயில் தானாக வந்தது, “ஸ்டாப்பிங்குக்கு வந்துடுக்கா, வண்டி நிக்கும்.” பச்சை உடம்புக்காரியையும் பிள்ளையையும் தண்ணியில் விட்டுவிட்டு எப்படி வருவாள், எந்த ஸ்டாப்பிங் என்று வருவாள்… “சரிம்மா” என்றுதான் சொன்னாள் பாவி மனுஷி, ஒரு வார்த்தை திட்டியிருந்தால் என்ன.

பென்சன் சட்டையைக் கழற்றிக்கொண்டு நின்றான். “நான் எறங்கட்டாக்கா?”

“நீச்சல் தெரியுமாடா?”

“கெணத்துல தெரியும்.”

“இது கெணறா? உன்னையும் சேத்துத் தேடணும். உக்காரு.”

“இன்னாக்கா, எல்லாத்தையும் நீதான சொன்ன, இதுக்கும் ஒண்ணு சொல்லேன்.”

கிண்டலா, கெஞ்சலா? டிரெய்லரில் இருந்த மற்றதுகளும் அவள் வாயையே பார்த்தன, நேற்றுவரை அந்தப் பார்வை எவ்வளவு பிடித்திருந்தது, இப்போது எங்காவது இறங்கி ஓடிவிடலாம் போலிருக்கிறது, எங்கே ஓடுவது, சுற்றிலும் தண்ணி. டப்பா மூடியை அழுத்திப் பார்த்தாள், இறுக்கமாகத்தான் இருந்தது, மறுபடியும் அழுத்தினாள். போன் அடித்தது, லூர்தம்மாக்காவா… இல்லை, அவள் கூப்பிட்டிருந்த தீயணைப்பு வண்டிக்காரர், படகை ஏற்றிக்கொண்டு வண்டி ஒரகடம் தாண்டிவிட்டதாம், கடவுளே, வந்துவிட்டது, வந்தேவிட்டது.

“சேரப்பணஞ்சேரி சார், நாங்க ரோட்டுலயே நிக்கிறோம்.”

“நீ நிக்கிற எடம் இருக்கட்டும்மா. ஆளு எங்க மாட்டிக்கினு கீறாங்க? தெரு, கோயில், எதனா அடையாளம் சொல்லு. வெளிச்சம் கீறப்பவே எறக்கணும், எல்லாப் பக்கமும் சுத்திக்கினு இருக்க முடியாது.”

சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சாயங்காலம், பஸ் ஜன்னல், மீந்த சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு சீமைக்கருவேலத்துக்குள் போகிற லூர்தம்மாக்காவின் முதுகு… ரோட்டோரத்துக் குடோனுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? அப்புறம் எவ்வளவு தூரம்? அங்கே இன்னும் எத்தனை வீடு? பென்சனைப் பார்த்தாள், அவன் பின்னால் திரும்பி மற்றவர்களைப் பார்த்தான், அவர்கள் தண்ணியைப் பார்த்தார்கள். தினமும் அதே கையிலிருந்துதானே எல்லோரும் தட்டு வாங்கினோம்…

“அம்மா, லைன்ல கீறியா? அந்த எடத்துக்குப் பேர் இன்னா?”

பேர் இருக்கும், இல்லாமலா, அக்கா எப்போதாவது சொல்லிக்கூட இருப்பாள், தான் அப்போது போனைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டியிருப்போமோ…