மேலே வீடியோ, கீழே செய்தி

யசிந்தாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தனியே கடலுக்குப் போன அவள் புருஷன் சூசைதாசன் இரண்டு நாளாகக் கரை திரும்பவில்லை. அவனைத் தேடக் குருநகரிலிருந்து பதினொரு படகுகள் வெளிக்கிட நின்ற காலையில்தான், இணையப் பத்திரிகை ஒன்றில் அந்தச் செய்தி வந்து தொலைத்தது. மேலே வீடியோ. அதில் இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொள்ள, பருத்தித்துறைக் கரையில் சூசைதாசன் படகைவிட்டு இறங்குகிறான். கீழே எழுத்தில், 'குருநகர் மீனவரைக் காணவில்லை, தேடுதல் தொடர்கிறது.'

ஒரே பத்திரிகை, ஒரே பக்கம். எதைத்தான் நம்புவாள் அவள்?

கனடாவிலிருந்து மச்சாள் றெஜினா அழைத்து, தம்பி வந்துவிட்டான் என்று அழுதாள், உடனேயே சிரித்தாள். ஊரே அவன் முகம் வருகிற இடம்வரை பார்த்துவிட்டு, சந்தோசத்தில் அடுத்தவருக்கு அனுப்பியது. போன வருசமும் இயந்திரம் பழுதாகி அங்கேதான் ஒதுங்கினான். அவனுக்கு அந்தக் கரைதான் ராசி என்றுகூடச் சொன்னார்கள்.

மீனவர் சங்கத் தலைவர் அடைக்கலநாதன் படகுகளை மறித்துவிட்டார். எண்ணெய் விற்கிற விலையில், வந்து சேர்ந்தவனைத் தேடி யார் போவது? யசிந்தா கீழே இருந்ததை வாசித்துக் காட்டினாள்.

"தங்கச்சி, எழுதினது விடியக்காலமை. வீடியோ பிறகு போட்டது. ஆளைக் கண்ணாலை கண்ட பிறகும் எழுத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியே?"

அதுவும் சரிபோலத்தான் இருந்தது. அப்படியானால் ஏன் ஒரு அழைப்பும் இல்லை? போன் நனைந்திருக்கும், ஆளை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோயிருப்பார்கள் என்று ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள். பத்திரிகைக்கு அழைத்தாள். வீடியோ போடுவது வேறு ஆள், கேட்டுச் சொல்கிறோம் என்று வைத்துவிட்டார்கள். நல்ல பொறுப்பு!

வீட்டுக்கு வந்து, ஏழு மாதப் பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி மறுபடி வீடியோவைப் போட்டாள். போன வருசம் அவன் இறங்கியபோது அவள் அங்கில்லை, பிந்தித்தான் போனாள். அதனால் அவன் இறங்குவதை அவள் முன்பு கண்டதே இல்லை. இந்த முறை நிறுத்தக் கை ஒழியவில்லை. அது பாட்டுக்கு ஓடியது. அவன் இறங்கினான். தண்ணீர் குடித்தான். கூட்டம் விலகியது. நிறைமாதக்காரி ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவனிடம் ஓடிவந்தாள்.

அது யசிந்தாதான்.

பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு துறைக்கு ஓடினாள். மத்தியானம் திரும்பிவிட்டது. படகுகள் கட்டிக் கிடந்தன, சிலர் இயந்திரத்தையும் கழற்றிவிட்டார்கள். அடைக்கலநாதன் கையில் பிள்ளையைத் திணித்தாள்.

"படகுகளை எடுங்கோ அண்ணை. அந்த வீடியோவிலை இவள் என்ரை வயித்துக்குள்ளை கிடக்கிறாள்."