நாக்கைப் படம் எடுத்த கதை

என் மூளை நார்மல். சும்மா சொல்லவில்லை, ரிப்போர்ட் இருக்கிறது. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் இருபத்தாறு வருடமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். கூட வேலை செய்யும் அன்பு பட்டனை அழுத்த, நானே எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுத்துப் படம் எடுத்துக்கொண்டேன். மூளையில் ஒரு குறையும் இல்லை என்று வந்தது. என் மனைவி எப்சி மட்டும் அதை நம்பவில்லை.

நான்கு மாதமாக எனக்குத் தூக்கம் இல்லை. வர வேண்டிய இடத்தில் வராத தூக்கம், வரக்கூடாத இடத்தில் வந்தது. போன வியாழக்கிழமை கேசவன் என்ற பெரியவரைக் குழாய்க்குள் அனுப்பிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். ஸ்கேன் முடிந்து இருபது நிமிடம் அவர் உள்ளேயே கிடந்தார். கையில் கொடுத்திருந்த பட்டனை அவர் அழுத்தி அலாரம் அடித்திருக்கிறது, எனக்குக் கேட்கவில்லை. அன்புதான் ஓடிவந்து அவரை வெளியே இழுத்தான். அவர் போட்டிருந்த கவுன் வேர்வையில் நனைந்திருந்தது.

"செத்துட்டேன்னே நெனச்சுகினேன் சார்" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

முதலாளி சம்பத் சத்தம் போடவில்லை. "ஜோனத்தான், திங்கக்கிழமை ரெண்டு மணி ஷிஃப்டுக்கு டாக்டர் ரிப்போர்ட்டோட வாங்க. என்ன பிராப்ளம், என்ன ட்ரீட்மென்ட்னு எழுத்துல வேணும். இல்லைனா மெஷின்ல உங்களை உக்கார வைக்க முடியாது" என்றார்.

எனக்கு இந்த மெஷினை விட்டால் வேறு வேலை தெரியாது. ஏற்கெனவே பார்த்த டாக்டர், செல்போனைத் தள்ளி வைக்கச் சொன்னதோடு சரி. அதற்கெல்லாம் படம் கிடையாது. படத்தில் தெரிந்தால்தான் நோய் என்று நம்புகிற ரகம் நான். அதனால், கூடுவாஞ்சேரியில் பெயின்ட் கடை மாடியில் "சீன மருத்துவம் – கம்ப்யூட்டர் மூலம் நாக்குப் பரிசோதனை" என்று போர்டு பார்த்ததும் போனில் நேரம் வாங்கி, சனிக்கிழமை காலையிலேயே மின்சார ரயில் ஏறிவிட்டேன்.

டாக்டர் அனுப்பிரியாவுக்கு முப்பது வயதுதான் இருக்கும். "வாட்ஸ்அப்ல அனுப்பின இன்ஸ்ட்ரக்‌ஷனெல்லாம் ஃபாலோ பண்ணீங்கதானே சார்?" என்று கேட்டார்.

"நானும் இதே ஃபீல்டுதாம்மா" என்றேன், பெருமையாக. அதைத் திறந்தே பார்க்கவில்லை.

ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் முகத்தை நுழைத்து நாக்கை நீட்டச் சொன்னார். மறுநிமிடம் என் நாக்கு கம்ப்யூட்டர் திரை முழுக்க வந்து நின்றது. அவ்வளவு நீளமாக அதை நான் பார்த்ததில்லை. எப்சி தினமும் பார்க்கிறாளாம். நுனி இதயம், ஓரம் கல்லீரல், நடுவில் வயிறு என்று கட்டம் கட்டிக் காட்டினார் டாக்டர். பிறகு, உடம்புச் சூட்டை நிறமாகக் காட்டும் கேமராவால் முகத்தையும் எடுத்தார். நெற்றி மட்டும் நீலமாக இருந்தது.

அவர் முகம் மாறியது. "நாக்கு மேல இருக்க வேண்டிய வெள்ளைப் படிவே இல்லை சார். சும்மா மொழுமொழுன்னு சிவப்பா இருக்கு. உடம்புல குளிர்ச்சி மொத்தமா வத்திப்போயிருந்தாத்தான் இப்படி வரும்னு எங்க முறையில சொல்லுவோம். முத்தின கேஸ். ஆனா நெத்தி ஏன் இவ்வளவு குளிர்ந்திருக்குன்னுதான் புரியல."

முத்தின கேஸ்! நான்கு மாதத்தில் அவ்வளவு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை. கலர் படத்தோடு ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, பரீட்சையில் பாஸான பையனைப் போலச் சேலையூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

எப்சி பள்ளிக்கூட டீச்சர். எதைக் கொடுத்தாலும் திருத்துகிற கண்ணோடுதான் படிப்பாள். ரிப்போர்ட்டைப் படித்தாள், என் போனை வாங்கி வாட்ஸ்அப்பையும் படித்தாள்.

"ரெண்டு நாள் நாக்கு வழிக்கக் கூடாது, தைலம் தேய்க்கக் கூடாதுன்னு போட்டிருக்காங்க. நீங்க காலையில குமட்டக் குமட்ட மூணு தடவை வழிச்சீங்க. பக்கத்து வீட்டு ரத்தினபாய் அக்கா யாருக்கு உடம்பு சரியில்லைன்னு கேட்டாங்க. நெத்தி பூரா தைலத்தை வேற அப்பிக்கிட்டுப் போனீங்க. அது நீலமா இல்லாம எப்படிங்க இருக்கும்?"

உண்மைதான். டாக்டரிடம் நாக்கைக் காட்டப் போகிறோமே, அழுக்காகவா காட்டுவது என்று நினைத்தேன். சேஃப்டி பின்னோடும் அரைஞாண் கயிற்றில் தாயத்தோடும் வருகிற நோயாளிகளிடம் "இரும்பு எதுவும் கூடாதுன்னு பேப்பர்ல எழுதியிருக்கில்ல, படிக்க மாட்டீங்களா?" என்று தினமும் எரிந்துவிழுகிறவன் நான்.

"இந்த ரிப்போர்ட்டை வெச்சு நாக்குதான் வழிக்கணும்" என்று திருப்பிக் கொடுத்தாள்.

டாக்டரிடம் போனில் அசடு வழிந்து, திங்கள் காலை மறுபடி நேரம் வாங்கினேன். அதுவரை நாக்கில் கை வைக்கவில்லை. ஞாயிறு ஆராதனையில் உதட்டைத் திறக்காமலே பாட்டு பாடினேன்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு நாக்கைப் படம் எடுத்தாயிற்று. சூட்டுப் படத்துக்கு முன்னால், தோல் அறையின் குளிர்ச்சிக்குப் பழக வேண்டும் என்று ஏசி அறையில் உட்கார வைத்தார் டாக்டர். சட்டை கூடாது, போன் கூடாது, பேச்சு கூடாது. பதினைந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும்.

கண் விழித்தபோது மணி ஒன்று.

"எழுப்ப மனசே வரலை சார்" என்றார் டாக்டர்.

"ரிப்போர்ட்?"

"நாக்குல இன்னிக்குப் பெருசா ஒண்ணும் இல்லை. அதை விட்டா, தூக்கமே வரலைன்னு வந்தவர் நல்லா தூங்குற படம்தான் என்கிட்ட இருக்கு. இதை வெச்சு நான் என்னன்னு எழுதுறது? இன்னும் ரெண்டு மூணு தடவை பார்க்கணும். சனிக்கிழமை குடுத்ததைக் கிழிச்சுப் போட்டுடுங்க, அது தப்பு."

நான் கிழிக்கவில்லை. ரயிலில் வரும் வழியெல்லாம் பைக்குள் கையைவிட்டு அது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். கையெழுத்து இருக்கிறது, கலர் படம் இருக்கிறது. நாக்கு வழித்த விஷயம் சம்பத்துக்கு எங்கே தெரியப்போகிறது?

இரண்டு மணிக்கு சென்டருக்குள் நுழைந்தேன். ஸ்கேன் அறை வாசலில், கவுன் போட்டுக்கொண்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். பச்சையம்மா என்று சீட்டில் இருந்தது.

"சார், உள்ள ரொம்ப பயமா இருக்கும்ன்றாங்களே. நீ இங்கயேதான இருப்ப?"

தினமும் பத்துப் பேர் கேட்கிற கேள்வி. "இருப்பேன்மா" என்று யோசிக்காமல் சொல்லிவிடுவேன். அன்றைக்கு வாய் வரவில்லை.

சம்பத் கையை நீட்டினார். "ரிப்போர்ட் குடுங்க ஜோனத்தான், ஃபைல்ல போட்டுடறேன். சீக்கிரம் உள்ள போங்க, பேஷன்ட் வெயிட்டிங்."

கொடுத்தேன். அவர் படத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

"அது தப்பான ரிப்போர்ட் சார்" என்றேன். "எனக்கு என்னன்னு இன்னும் யாருக்கும் தெரியல. சரியாகுற வரைக்கும் என்னை மெஷின்ல உக்கார வைக்காதீங்க. பயமா இருக்கு சார்."

சம்பத் ரிப்போர்ட்டை மடித்து என்னிடமே கொடுத்தார். பிறகு அன்புவைக் கூப்பிட்டார். அவன் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தான். எனக்கு அழுகை வந்தது. அம்பத்திரண்டு வயதில், கவுன் போட்ட ஒரு அம்மா முன்னால், துடைக்கக் கர்சீப் இல்லாமல்.

"இன்னா சார், நீ இருக்க மாட்டியா?" என்றார் பச்சையம்மா.

"அந்தத் தம்பி இருப்பான்மா" என்றேன். "ராத்திரி நல்லா தூங்கிட்டு வந்திருக்கான்."