சேர்மன் ஐரோப்பாவில் ரயிலேறிய வரலாறு

உலகத்தார் அனைவரும் கைவேலையைக் கீழே வைத்துவிட்டுச் சற்றே நிமிர்ந்து உட்கார வேண்டும். சொல்லப்போவது சாதாரணச் செய்தி அல்ல. 1972ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், பெயரைச் சொன்னால் வழக்குப் போடக்கூடிய ஒரு பஞ்சாயத்து யூனியனின் சேர்மன், திருவாளர் ராஜமாணிக்கம் அவர்கள், மீனைப் பார்ப்பதற்காக ஐரோப்பா போவதென்று முடிவாயிற்று.

மீன் இங்கேயே இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் அவர் பங்களாவிலிருந்து சில மைல் கிழக்கே போனால் பழவேற்காட்டு ஏரி. அந்த ஏரியை அவர் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறார். தேர்தல் சமயத்தில், ஜீப்பை விட்டு இறங்காமல், மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு. இந்தத் தகுதி போதுமென்று யாரோ நினைத்து, உள்நாட்டு மீன்வளர்ப்பைக் கண்டறியும் எட்டுப் பேர் குழுவில் அவரையும் சேர்த்துவிட்டார்கள். அழைப்புக் கடிதம் வந்த மறுநாளே அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டி, மாலையும் சாத்தியாயிற்று.

பொட்டு வைக்கவில்லை. சேர்மன் பகுத்தறிவுவாதி. மேடையேறினால் மூடநம்பிக்கையை முடியைப் பிடித்து இழுத்து வந்து நாலு அறை கொடுக்காமல் இறங்கமாட்டார். அவர் வீட்டு நாள்காட்டியில் ராகுகாலம் அச்சிட்டிருக்கும் இடத்தில் வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கும். அந்தத் தாளுக்கு அடியில் என்ன போட்டிருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம்.

கும்மிடிப்பூண்டி ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் அருணகிரிக்கு ஆள் போயிற்று. அருணகிரி வந்து கைகட்டி நின்றான்.

"நீ ரயில்வேதானே அருணகிரி?"

"டிக்கெட் குடுக்கிறேன் சார்."

"அங்கயும் ரயில்தான் ஓடுது. பிளேன்காரன் என்னைப் பாரிசுல எறக்கி உட்டுருவான். மூணு வாரம் கழிச்சி பாரிசுலயே ஏத்திக்குவான். நடுவுல ஜூரிச்சு, வியன்னா, ரோமு, அல்லாம் பாக்கணும். இன்னா வண்டி, எத்தினி மணிக்கு, எந்த சீட்டு, அல்லாத்தியும் நீயே புக் பண்ணிக் குடுத்துடு."

"நான் சூளூர்பேட்டைக்கு அப்பால அவ்வளவா டிக்கெட் குடுத்ததில்ல சார்."

"சூளூர்பேட்டைக்குத் தண்டவாளம் போட்டவன் யாரு? வெள்ளைக்காரன்தானே. அவன் ஊர்ல மட்டும் வேற மாதிரியா போட்டிருப்பான்?"

வேறொரு நாளாக இருந்தால் அருணகிரி கும்பிடு போட்டுவிட்டு நழுவியிருப்பான். அன்று முடியவில்லை. அவன் சட்டைப்பையில் நண்டுமேடு ஒரு மனுவாக மடிந்திருந்தது.

நண்டுமேடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பம். தண்டவாளம் அதன் முதுகை உரசிக்கொண்டுதான் போகிறது. ஆனால் மெட்ராசுக்குப் போகும் காலை பாசஞ்சர் அங்கே நிற்பதில்லை. ஆகவே அந்த ஊர்ப் பெண்கள் விடியுமுன் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு, தண்டவாளத்தோடு நாலு மைல் நடந்து எளாவூர் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். நடுவில் காயல்மேல் ஒரு இரும்புப் பாலம். ஒதுங்க இடமில்லாத பாலம். போன வருஷம் அங்காளம்மாள் என்பவள் அதன் நடுவில் இருக்கும்போது கூட்ஸ் வண்டி வந்துவிட்டது. உயிர் பிழைத்தாள். வலது பாதம் போயிற்று. அவளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கிடத்தியது அருணகிரியின் டிக்கெட் ஜன்னலுக்கு எதிரேதான்.

காலை பாசஞ்சர் நண்டுமேட்டில் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். இவ்வளவுதான் கோரிக்கை. அருணகிரி நாலு வருஷத்தில் அந்தப் பெண்களுக்காக ஐந்து மனு எழுதிக் கொடுத்திருந்தான். ஒன்றுக்கும் பதில் இல்லை. ஆறாவதாக நேரில் போய் நின்றபோது ரயில்வே மேலிடத்துக் குமாஸ்தா ஒருவர் இரக்கப்பட்டு, "சேர்மன் கையெழுத்தோட ஜூன் முப்பதுக்குள்ள குடு. அக்டோபர் அட்டவணையில சேத்துடலாம்" என்று சொல்லியிருந்தார்.

அருணகிரி இதைச் சொன்னான். சேர்மன் பெருந்தன்மையாகச் சிரித்தார்.

"ஒரு கையெழுத்துதானே? என் வேலைய முடி. உன் வேலை முடிஞ்சா மாதிரி."

அப்படித்தான், டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் ஐரோப்பா வந்து இறங்கியது. மூர் மார்க்கெட்டில் பழைய ஐரோப்பிய ரயில் அட்டவணை ஒன்று கிடைத்தது. ஆறு வருஷம் பழசு. அதை நம்பக்கூடாது என்பது அருணகிரியின் தொழில் அறிவு. ஒவ்வொரு ஊர் ரயில்வேக்கும் ஏர்மெயிலில் எழுதினான். முதல் பதில் ஜூரிச்சிலிருந்து பதினோராம் நாள் வந்தது.

"மதிப்பிற்குரிய திரு அருணகிரி அவர்களுக்கு. தாங்கள் கேட்ட வண்டி திங்கட்கிழமை காலை 8.07க்குப் புறப்படும். திரு ராஜமாணிக்கம் அவர்களுக்கு 43ஆம் எண் ஜன்னலோர இருக்கை ஒதுக்கப்பட்டுள்ளது. முன்பக்க மூன்று பெட்டிகள் மட்டுமே வியன்னா செல்லும் என்பதைத் தயவுசெய்து கவனிக்கவும்."

அருணகிரி மூன்று தடவை படித்தான். முதல் தடவை பெருமையாக இருந்தது. இரண்டாம் தடவை ஆச்சரியமாக இருந்தது. மூன்றாம் தடவை வயிறு எரிந்தது. முன்பின் தெரியாத ஊர்க்காரன், மூன்று பெட்டி என்று எண்ணி, ஜன்னல் எந்தப் பக்கம் என்று பார்த்து எழுதியிருக்கிறான். பாதம் போனவளின் கைநாட்டோடு போன மனு எங்கே எந்த அலமாரியில் கிடக்கிறதென்று சொல்ல இங்கே நாதியில்லை.

கடிதத்தைச் சேர்மனிடம் கொண்டுபோனான்.

"திங்கக்கெழம எட்டு ஏழா?" என்றார் சேர்மன். குரல் இறங்கிவிட்டது. "அந்த ஒன்றரை மணியில வருதே."

"எந்த ஒன்றரை மணி சார்?"

"அதுதான்யா. ஏழரையிலேர்ந்து ஒம்போது. சூரியனோட கதிரு ஒரு மாதிரி கீற நேரம். இதெல்லாம் சயின்ஸு."

பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த அவருடைய மைத்துனன் தேசப்பன், பஞ்சாங்கத்தில் புலி. அவன் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

"மாமா, ராகுவோட கணக்கே பகல் பொழுத எட்டாப் பங்கு போடறதுதான். அங்க ஜூலை மாசத்துல பகல் பதினாறு மணி நேரம். அப்போ ராகு அங்க ஒன்றரை இல்ல, ரெண்டு மணி நேரம் டியூட்டி பாக்குறான்."

சேர்மன் அருணகிரி பக்கம் திரும்பினார்.

"பாத்தியா அருணகிரி, வெள்ளைக்காரன் ஊர்ல அவன் கூட ஓவர்டைம் பாக்கறான். நீ மறுபடி போடு. ஊரு ஊருக்கு சூரியன் எப்ப எழும்புதுன்னு பாத்துப் போடு. அப்பிடியே சூலமும் பாத்துக்க. திங்கக்கெழம கெழக்க போவக்கூடாது, வெள்ளிக்கெழம மேக்க போவக்கூடாது."

"வெள்ளிக்கெழம சூலத்துக்கு வெல்லம் வாயில போட்டுகினு போனா தோஷமில்ல மாமா" என்றான் தேசப்பன்.

"அதெல்லாம் பஸ்ஸுல போறவனுக்குடா."

அருணகிரி தன் வார லீவு நாட்களில் மெட்ராஸ் போய் நூலகத்தில் உட்கார்ந்து, பாரிசில் சூரியன் எத்தனை மணிக்கு எழும்புகிறது, ரோமில் எப்போது விழுகிறது என்று குறித்து வந்தான். போட்டுவைத்திருந்த பதினேழு ரயில்களையும் பிரித்து மறுபடி கோத்தான். ராகுவுக்கு ஒதுங்கினால் சூலத்தில் முட்டியது. சூலத்துக்கு ஒதுங்கினால் வண்டியே இல்லை. மெட்ராசிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு வரவே நேரம் சொல்ல முடியாத ஒரு தண்டவாளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, ஆல்ப்ஸ் மலைக்கு அந்தப்பக்கம் ராகு எத்தனை மணிக்கு ஓய்வெடுக்கிறான் என்று ஒரு மனிதன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். இதற்கு நாட்டில் யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

ஜூரிச்சுக்கு மறுபடி எழுதி, இருக்கையைச் செவ்வாய்க்கிழமைக்கு, ஜூலை பதினோராம் தேதிக்கு, மாற்றித் தரக் கேட்டான். பத்தே நாளில் பதில். மாற்றிவிட்டார்களாம். அதே 43. "திங்கட்கிழமைச் சேவையில் தாங்கள் ஏதேனும் குறை கேள்விப்பட்டிருந்தால் அருள்கூர்ந்து தெரிவிக்கவும்" என்று ஒரு வரி கூடுதலாக இருந்தது.

நண்டுமேட்டுப் பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் கெங்கம்மாள். ஒருநாள் காலிக் கூடையோடு டிக்கெட் ஜன்னலில் வந்து நின்று, அவன் விரித்துவைத்திருந்த தாள்களை எட்டிப் பார்த்தாள்.

"இன்னா நைனா, எங்க மனுவா?"

"இல்லம்மா. சேர்மன் போற ரயிலு."

"எத்தினி ரயிலு?"

"பதினேழு."

"அந்த ஆளுக்குப் பதினேழு நிக்கும். எங்களுக்கு ஒண்ணு நிக்காது." கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். "சரி, போடு. பொறுமையா போடு. அவன் போற வழியில பாலம் கீலம் இருந்தா, ஓரமா நிக்க எடம் கீதான்னு பாத்துப் போடு."

ஜூன் முப்பது, வெள்ளிக்கிழமை. சேர்மன் பகல் பன்னிரண்டுக்குக் காரில் கிளம்புவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை "அந்த ஒன்றரை மணி" பத்தரையிலிருந்து பன்னிரண்டு. கைநாட்டு வாங்கக் கொடுத்திருந்த மனுவை எடுத்துக்கொண்டு காலை ஒன்பது மணிக்கே வந்துவிடும்படி அருணகிரி கெங்கம்மாளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

அவள் எண்பத்திரண்டு கைநாட்டோடு விடியலிலேயே கிளம்பினாள். பாலத்தருகே கூட்ஸ் வண்டி ஒன்று முன்னும் போகாமல் பின்னும் போகாமல் நின்றது. அது நகர்ந்து, அவள் பாலத்தைத் தாண்டி, எளாவூர் சேர்ந்தபோது பாசஞ்சர் போய்விட்டிருந்தது. அடுத்த வண்டி பிடித்துக் கும்மிடிப்பூண்டியில் இறங்கிப் பங்களாவுக்கு ஓடி வந்தபோது மணி பத்து நாற்பது. பாசஞ்சர் அவள் ஊரில் நின்றிருந்தால் எட்டு மணிக்கே வந்திருப்பாள்.

வாசலில் பேண்டு வாத்தியம். சேர்மன் கோட்டு போட்டுக்கொண்டு, கோட்டுக்குள் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அருணகிரி மனுவை நீட்டினான்.

"பேனாவுல மை இல்ல" என்றார் சேர்மன்.

அருணகிரி தன் பேனாவைத் திறந்து கொடுத்தான்.

"கவர்மெண்டு காகிதத்துல கண்ட பேனாவால போடக்கூடாது."

அவர் பார்வை சுவர்க்கடிகாரத்துக்குப் போய்வந்தது. கெங்கம்மாள் அந்தப் பார்வையின் பின்னாலேயே போய்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ராகுகாலமா சேர்மனய்யா?"

பேண்டுக்காரன் கூட நிறுத்திவிட்டான்.

"நான் அதையெல்லாம் ஒழிச்சவம்மா" என்றார் சேர்மன்.

"அப்போ போடு ஒரு கையெழுத்து."

"போடறேன். பன்னெண்டு அடிக்கட்டும். இன்னா அவசரம்?"

"மீனுக்கு ராகுகாலம் தெரியாதுய்யா. நேரம் போனா நாறிப்பூடும். மனுசனும் அப்பிடித்தான்."

ஒரு மணி இருபது நிமிஷம் அவள் உட்காரவில்லை. பன்னிரண்டு அடித்தது. அடித்த அந்த நொடியில் எல்லாரும் மாலையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார்கள். மாலைகளுக்கு நடுவே அருணகிரி நீட்டிய மனுவை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தார் சேர்மன்.

"நல்ல நேரத்துல கெளம்பணும். கார்லயே போட்டு, போற வழியில குடுத்துட்டுப் போறேன். மெட்ராச தாண்டித்தானே ஐரோப்பா?"

கார் போயிற்று. கெங்கம்மாள் தரையில் துப்பினாள்.

ஜூலைக் கடைசியில் அருணகிரிக்கு ஜூரிச்சிலிருந்து ஒரு கடிதம் வந்தது. "பதினோராம் தேதி 43ஆம் இருக்கை காலியாகச் சென்றது. திரு ராஜமாணிக்கம் அவர்கள் நலமாக இருப்பார் என்று நம்புகிறோம்."

அவர் நலமாகத்தான் இருந்தார். ஆகஸ்டில் பள்ளிக்கூட மைதானத்தில் பாராட்டு விழா. ஒன்றரை மணி நேரம் பேசினார்.

"அங்கெல்லாம் ரயில் எப்படி என்கிறீர்கள்? எட்டு ஏழு என்றால் எட்டு ஏழுதான். ராகு பார்ப்பதில்லை, கேது பார்ப்பதில்லை. முன்பக்க மூன்று பெட்டி வியன்னா போகும். அதனால்தான் அவன் முன்னேறியிருக்கிறான்."

எல்லாம் அருணகிரி தட்டச்சடித்துக் கொடுத்த பதினான்கு பக்கப் பயணத் திட்டத்தில் இருந்தவை. கூட்டம் கைதட்டியது.

மறுநாள் காலை அருணகிரியும் கெங்கம்மாளும் பங்களாவுக்குப் போனார்கள். சேர்மன் நல்ல மனநிலையில் இருந்தார். அழைப்புக் கடிதச் சட்டத்தைக் கழற்றி அருணகிரி கையில் கொடுத்து, கடிதத்தை எடுத்துவிட்டு அதில் தன் ஐரோப்பாப் படங்களில் நல்லதாக ஒன்றைப் பார்த்துப் போடச் சொன்னார். அருணகிரி பின்பலகையை நீக்கினான். கடிதத்துக்கு இரண்டாம் பக்கம் ஒன்று இருந்தது. ஏப்ரல் மாதத்திலிருந்து கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவில், யாரும் படிக்காமல், மாலையின் கீழ் பத்திரமாக இருந்திருக்கிறது. குழுவினர் அனைவரும் எல்லா நகரங்களுக்கும் தனிப் பேருந்தில் அழைத்துச் செல்லப்படுவர் என்று அதில் போட்டிருந்தது.

கெங்கம்மாள் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னா நைனா, அல்லா படத்துலயும் பின்னால பஸ்ஸுதான் கீது?"

சேர்மன் கனைத்தார்.

"வெள்ளிக்கெழம மேக்க போனியா சேர்மனய்யா? வெல்லம் வாயில போட்டுகினியா?"

அருணகிரி சட்டத்தைக் கீழே வைத்தான். நாலு மாதத்தில் முதல் தடவையாகக் கைகட்டாமல் நின்றான்.

"மனு எங்க?"

'சார்' இல்லை. சேர்மன் அதைக் கவனித்தார். உள்ளே போய்க் கைப்பையை எடுத்துவந்து துழாவினார். இட்லிப்பொடிக் கறையோடு மனு வெளியே வந்தது. எட்டாக மடித்திருந்தது.

"பத்திரமாத்தான் வச்சிருந்தேன். அந்தக் குளிர்ல கையே வெறைச்சிப் போச்சி."

கெங்கம்மாள் மனுவைப் பிடுங்கி விரித்துப் பார்த்தாள். எழுத்து தெரியாதவள். ஆனால் கீழே காலியாக இருந்த இடம் காலி என்று அவளுக்குத் தெரிந்தது.

"எங்க கைநாட்டு எண்பத்திரண்டும் சீமையெல்லாம் சுத்திப் பாத்துட்டு வந்துட்டுது. அங்காளம்மா வெரலு கூட போயி வந்துட்டுது. காலுதான் இல்ல அவளுக்கு." அவள் குரல் உயரவில்லை. "இப்ப மணி இன்னா நைனா?"

அருணகிரி கடிகாரத்தைப் பார்த்தான். "ஒம்போது பத்து."

"கெழம?"

"சனி."

சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை. சேர்மன் பேனாவைத் தேடிச் சட்டைப்பைக்குப் போன கையை வெளியே எடுத்தார்.

அக்டோபர் முதல் தேதி புதிய கால அட்டவணை வந்தது. காலை பாசஞ்சர் நண்டுமேட்டில் நிற்காது.