பத்தரை மணிப் பனி

ஏப்ரல் கடைசியில் ஹகுபா மலை ஏறுகிறவர்களுக்கு ஒரே விதி. ராத்திரி இறுகிய பனி வெயிலில் இளகுவதற்கு முன், ஒன்பது மணிக்குள் கிழக்குச் சரிவைக் கடந்துவிட வேண்டும். இதை அச்சடித்து ஊரெல்லாம் ஒட்டியது மலைப் பாதுகாப்புச் சங்கம். அந்தச் சங்கம்தான் அன்று ஏழு மணிக்குச் சரிவின் அடியில் பாதுகாப்பு வேண்டுதல் வைத்திருந்தது.

பூசாரி கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார். தலைவர் ஹிராபயாஷி முடிக்கவில்லை. சங்கம் பிறந்த கதை, தான் பிறந்த கதை, பிறகு போன வருஷம் இதே சரிவில் புதைந்துபோன வழிகாட்டியின் "மாபெரும் தியாகம்". அந்த வழிகாட்டியின் மனைவி மிசாவோதான் இன்றைய வழிகாட்டி. கடைசி வரிசையில் நின்று, யாருக்கோ நடந்ததைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வருஷமாக அவளுக்கு எதுவுமே உறைப்பதில்லை.

பேச்சு முடியும்போது மணி பத்து. அப்புறம் சாகே என்ற அரிசி மது. அப்புறம் படம், தலைவர் கண்ணை மூடிவிட்டதால் இன்னொரு படம்.

மிசாவோ கைக்கோலைப் பனியில் ஊன்றினாள். பிடிவரை இறங்கியது. மேலே பாறையடியிலிருந்து பனி உருண்டைகள் தானாகவே உருண்டு வந்துகொண்டிருந்தன.

"தலைவரே, இன்னைக்கு வேணாம். பனி கஞ்சியாயிடுச்சு."

"என்னம்மா பேசற? இப்பத்தானே சாமிகிட்ட சொன்னோம்!"

"சாமிக்குக் கேட்டிருக்கும். பனிக்கு இன்னும் சேதி போகல."

யாரோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்கள். செயலாளர் ஒகினோ அவள் காதருகே குனிந்தார். "மிசாவோம்மா, உச்சியில கொடியோட படம் வேணும். சங்க இதழ் அட்டையில இடம் விட்டாச்சு."

"அப்படியே வெள்ளையா விடுங்க. பனின்னு சொல்லிக்கலாம்."

ஹிராபயாஷி முகம் சிவந்தது. "நீ வரலன்னா நானே கூட்டிட்டுப் போறேன். அடுத்த வருஷம் வழிகாட்டிப் பட்டியல்ல உன் பேர் இருக்காது, ஞாபகம் வச்சுக்க."

அந்தப் பட்டியலை விட்டால் அவளுக்குப் பிழைப்பில்லை. ஏற வந்திருந்த உறுப்பினர் ஆறு பேருக்கும் போக விருப்பமில்லை. அதை முதலில் சொல்லப்போவது யார் என்பதுதான் சிக்கல். மிசாவோ இரண்டு மரங்களுக்கு நடுவிலிருந்த ஒற்றைப் பாதையில் தன் பனிச்சறுக்குப் பலகைகளைக் குறுக்கே போட்டு, அவற்றின் மேல் உட்கார்ந்தாள்.

"தாண்டிப் போங்க."

உட்கார்ந்திருப்பவரை, அதுவும் தியாகி என்று இப்போதுதான் புகழப்பட்டவரின் மனைவியை, எப்படித் தாண்டுவது? எல்லோரும் மரியாதையாக நின்றார்கள். தலைவரும் ஒரு காலைத் தூக்கி, இறக்கிக்கொண்டார்.

பத்து நிமிஷம் போயிருக்கும். கிழக்குச் சரிவு அவசரமில்லாமல் நகர்ந்தது. ஈரப் பனி மரங்களை முறித்து இழுத்துக்கொண்டு இறங்கி, அவர்கள் கடக்கவிருந்த இடத்தை மூடி நின்றது.

முதலில் பேச்சு வந்தது ஹிராபயாஷிக்குத்தான். "இதுக்குத்தான் நான் பேச்சை நீட்டினேன்!"

எல்லோரும் தலை வணங்கினார்கள். ஒகினோ அதைக் குறித்துக்கொண்டார்.

"ஆனா சங்கத்துக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்கு. பேரை எடுத்தது எடுத்ததுதான்," என்றார் தலைவர்.

மிசாவோ கோபம் வருமா என்று பார்த்தாள். அழுகை வருமா என்றும் பார்த்தாள். எழுந்து, நனைந்த கால்சட்டையைத் தட்டிவிட்டாள்.

"வந்த வழியே இறங்குங்க. ஒருத்தருக்கொருத்தர் இடைவெளி விட்டு. தலைவரே, நீங்களும்தான்."